பற்றாசு

சைக்கிள் கடைக்காரரிடம் பசையைப் பற்றிப் பேசிப் பிரயோஜனமில்லை. கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பாய், டியூபுக்கு ஒட்டுப் போடும்போது சொல்யூஷனைத் தடவிவிட்டு அது வாடும்வரை நிதானமாகக் காத்திருக்கிறவர். ரப்பருக்குப் பசை என்பதில் அவருக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. இரும்போடு இரும்பைப் பசைகொண்டு சேர்க்கிறேன் என்று நான் சொன்னபோது சிரித்தார். "இரும்புக்கு நெருப்புதான் சார் பசை" என்றார். இந்த வாக்கியத்தில் நியாயம் இருக்கிறது. அவர் கடையில் நிற்கும் அத்தனை கறுப்பு சைக்கிள்களிலும் குழாய்கள் சேரும் மூலைகளில் இரும்பு உறைகள் இருக்கின்றன. உறைக்கும் குழாய்க்கும் நடுவே பித்தளையை உருக்கி ஓடவிட்டுத்தான் அந்தச் சட்டங்கள் உருவாகியிருக்கின்றன. நெருப்பு கண்ட இணைப்பு. பசை அதற்கு முன் ஒரு சில்லறைச் சமாசாரமாகத்தான் தோன்றும்.

நம் மொழியும் பாய் பக்கம்தான். ஒட்டுப் போட்ட சட்டை, ஒட்டுக் கேட்பது, ஒட்டுண்ணி — ஒட்டு என்ற சொல் போகிற இடமெல்லாம் ஓர் ஏழ்மையையோ கள்ளத்தனத்தையோ கூட்டிக்கொண்டு போகிறது. விதிவிலக்காக ஒட்டு மாஞ்செடி ஒன்றுதான் கௌரவமாக நிற்கிறது. இங்கிருந்து சில மைல் தள்ளி சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். விக்ரகம் ஒரே வார்ப்பாக, உள்ளே கெட்டியாக இருக்கவேண்டும். உடைந்தது பின்னம், பின்னமானதற்குப் பூஜை கிடையாது. முழுமை என்றால் மூட்டில்லாமை என்று நம் மனத்தில் எப்போதோ பதிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இருந்தும் இருபது வருஷமாக வீட்டில் சைக்கிள் ரிப்பேர் வேலைகளில் எபாக்சிப் பசையை உபயோகித்து வருகிறேன். காசை மிச்சம் பிடிப்பது இதன் காரணமல்ல. சமயத்தில் பசையின் விலை பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். பாகம் கிடைக்காமல் போவதுதான் காரணம். பழைய சைக்கிளின் செயின் கவரைத் தாங்கும் காது, மணியின் அடித்தகடு, டைனமோவைப் பிடிக்கும் தகடு, லைட் ஸ்டாண்டு — இவை உடைந்தால் அதே அளவில் மறுபடி கிடைப்பதில்லை. மெல்லிய தகட்டில் காஸ் நெருப்பைக் காட்டினால் தகடு வளைந்து போகிறது, பெயிண்ட் கருகிப் போகிறது. அலுமினியமானால் தெருவோர வெல்டிங் பட்டறையில் பெரும்பாலும் தொடமாட்டார்கள். இம்மாதிரி இடங்களில்தான் இரண்டு டியூபில் வரும் இந்தப் பொருள் வேலைக்கு வருகிறது.

இந்தப் பசையின் பிறப்பில் சைக்கிளுக்குச் சம்பந்தமில்லை. 1930களில் ஸ்விட்ஜர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற ரசாயனவாதி, பல் செட் செய்வதற்குத் தோதான பொருள் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்தப் பிசினை அடைந்தார். அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீ பெயிண்டுக்காகத் தேடி 1940களில் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். காஸ்தானின் கண்டுபிடிப்பை வாங்கிக்கொண்ட பாஸல் நகரத்து சீபா கம்பெனி 1946ல் அரால்டைட் என்ற பெயரில் உலோகம் ஒட்டும் பசையை வெளியிட்டது. அதற்குச் சில வருஷங்கள் முன்னாலேயே, 1941ல், இங்கிலாந்தில் டக்ஸ்ஃபர்ட் என்ற ஊரில் நார்மன் டி ப்ருயின் வேறு ரசாயன வகையைச் சேர்ந்த ரெடக்ஸ் என்ற பசையை உண்டாக்கியிருந்தார். டி ஹாவிலண்ட் ஹார்னெட் என்ற யுத்த விமானத்தில் மரத்தையும் உலோகத்தையும் அதைக் கொண்டு ஒட்டினார்கள். ஆகாயத்தில் போகிறவன் பசையை நம்பிய பிறகு, தரையில் போகிறவன் சிரிப்பதில் அர்த்தமில்லை என்று பாயிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "விமானம் பஞ்சராகாது சார்" என்றார்.

டியூபுகளில் ஒன்றில் இருப்பது பிசின், மற்றதில் இருப்பது அதை இறுகச் செய்யும் பொருள். பிசினின் மூலக்கூறு ஒவ்வொன்றின் முனையிலும் ஓர் ஆக்ஸிஜன், இரண்டு கார்பன் சேர்ந்த சின்ன வளையம் இருக்கிறது. மூன்று அணுக்களால் ஆன வளையம் என்பதால் எப்போதும் ஒரு நெருக்கடியில் இருக்கிறது; திறந்துகொள்ளச் சமயம் பார்க்கிறது. மற்ற டியூபில் இருப்பது அந்த வளையத்தைத் திறந்து, திறந்த இடத்தில் தன்னைக் கோத்துக்கொள்கிறது. இப்படி எல்லாத் திசையிலும் கோத்துக்கொண்டே போய், கடைசியில் நீங்கள் வைத்த சொட்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே மூலக்கூறாகிவிடுகிறது. உலர்வது என்று நாம் சொல்வது தவறு. இதிலிருந்து ஆவியாகி வெளியே போகவேண்டியது எதுவுமில்லை. அதனால்தான் இறுகும்போது அதிகம் சுருங்குவதுமில்லை. இறுகியபின் மறுபடி உருகாது. சூடு அதிகமானால் இளகும், இன்னும் அதிகமானால் கருகும், அவ்வளவுதான். சீக்கிரம் இறுகட்டும் என்று இரண்டாவது டியூபிலிருந்து கூடுதலாகப் பிதுக்குகிறவர்கள் உண்டு. சேர்க்கை கணக்கில் நடக்கிற காரியம். மிஞ்சியது கோத்துக்கொள்ள ஆளில்லாமல் உள்ளே கிடந்து, ஒட்டைப் பலவீனப்படுத்தும்.

ஆனால் ரசாயனம் அதன் வேலையைச் செய்துகொள்ளும். மனிதன் செய்யவேண்டிய வேலை அதற்கு முன்னால் இருக்கிறது. துருவை அரத்தால் ராவி, எமரித் தாளால் முதலில் நீளவாட்டிலும் பின் குறுக்கிலும் தேய்த்து, பளபளப்பு போய் மங்கலான சாம்பல் நிறம் வரவேண்டும். பிறகு எண்ணெய்ப்பசை நீக்கவேண்டும். நம் கடைகளில் எதையும் கழுவுவது மண்ணெண்ணெயில்தான். அது கிரீஸைக் கரைக்கும், கூடவே தன்னுடைய மெல்லிய படலம் ஒன்றையும் விட்டுவிட்டுப் போகும். அசிட்டோன் வேண்டும், சுத்தமான வெள்ளைத் துணி வேண்டும், துடைத்தபின் விரல் படக்கூடாது. விரலில் உள்ள எண்ணெயே போதும் காரியத்தைக் கெடுக்க. சுத்தமாகிவிட்டதா என்று அறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு: தேய்த்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் விடவேண்டும். இலையில் விழுந்ததுபோல் முத்து முத்தாகத் திரண்டால் எண்ணெய் இருக்கிறது. கண்ணாடித் தகடுபோல் ஒரே படலமாகப் பரவி நின்றால் சுத்தம். அதன்பின் நன்றாகக் காயவைத்து, தாமதமில்லாமல் ஒட்டவேண்டும். அலுமினியம் காற்றுப் பட்ட கணத்திலிருந்தே தன்மேல் ஒரு தோலை வளர்த்துக்கொள்ள ஆரம்பித்துவிடும். கையுறை போட்டுக்கொள்வது அவசியம். இரண்டாவது டியூபில் இருப்பது சிலர் தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமல் போனால் ஆயுளுக்கும் ஒவ்வாமலே போய்விடும்.

ஒரு மணிநேர வேலையில் ஐம்பது நிமிஷம் இந்தத் தயாரிப்புக்கே போகிறது. பசை வைப்பது ஐந்து நிமிஷம். பார்க்கிறவர்கள் கண்ணில் படுவதும் அந்த ஐந்து நிமிஷம்தான்.

அடுத்தது விசை எந்தத் திசையில் போகிறது என்ற கேள்வி. சுவரில் ஒட்டிய சினிமா போஸ்டரை மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்த்த யாராலும் முடியாது. ஒரு மூலையில் நகத்தை நுழைத்தால் குழந்தைகூட உரித்துவிடும். எபாக்சியின் குணமும் இதுதான். இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, வழுக்கிப் பிரிய முயலும்போது அபாரமாகத் தாங்கும் — நன்றாகத் தயாரித்த இணைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ என்பது சாதாரணம். ஓரத்திலிருந்து உரிக்கும் விசை வந்தால் அதில் ஒரு சிறு பங்குக்கே விட்டுவிடும். 2.5 சென்டிமீட்டர் விட்டமும் 1.2 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய் ஒன்று இரண்டாக முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முறிந்த முகங்களை அப்படியே சேர்த்து ஒட்டினால் ஒட்டும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூட இல்லை. அதே குழாயை மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஓர் உறைக்குள் நுழைத்து ஒட்டினால் பரப்பு இருபத்துமூன்று சதுர சென்டிமீட்டருக்கு மேல். பசை ஒன்றே, குழாய் ஒன்றே.

ஐரோப்பாவில் பசையால் சைக்கிள் கட்டியவர்கள் இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டார்கள். இத்தாலியில் ஆலன் என்ற கம்பெனி 1972ல் அலுமினியக் குழாய்களை உறைகளில் திருகிப் பசையும் வைத்து இணைத்த சட்டத்தைக் கொண்டுவந்தது. 1979ல் பிரான்ஸில் வந்த விட்டுஸ் 979ல் திருகுகூட இல்லை, வெறும் பசை. 1980களில் அயர்லாந்தின் ஷான் கெல்லி அதில் ஏறிப் பந்தயங்களில் ஓட்டினார். இன்றைக்கு லட்சக்கணக்கில் விற்கும் கார்பன் சைக்கிள்களில் கார்பன் இழைகளைக் கட்டி வைத்திருப்பதே எபாக்சிதான். அதில் மூட்டு மட்டுமல்ல, சட்டம் முழுவதும் பசை. ஆனால் அவர்கள் தொழிற்சாலையில் அமிலத்தில் முக்கி உலோகத்தின் தோலையே மாற்றினார்கள், உஷ்ணத்தை அளந்து வைத்து இறுகச் செய்தார்கள். நம் திண்ணையில் அது நடக்காது. மேலும் நமக்கென்று ஒரு பிரச்னை இருக்கிறது: வெயில். அறை உஷ்ணத்தில் இறுகிய சாதாரண எபாக்சி 50, 60 டிகிரியில் இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் கோயில் வாசலில் நிறுத்திய கறுப்பு சைக்கிளின் குழாயைத் தொட்டுப் பாருங்கள். ஸ்விட்ஜர்லாந்தில் எழுதப்பட்ட பலம் கும்பகோணத்துக்கு முழுசாக வந்து சேர்வதில்லை. இதற்கு ஓரளவு பரிகாரம் வெயிலிலேயே இருக்கிறது. முதல்நாள் நிழலில் இறுகவிட்டு, மறுநாள் மொட்டைமாடித் தகரத்தின்மேல் உச்சிவெயிலில் கிடத்தினால், மீதமிருக்கும் வளையங்களும் திறந்து கோத்துக்கொண்டு, பின்னால் வரும் சூட்டைத் தாங்கும் சக்தி கொஞ்சம் கூடுகிறது.

இவ்வளவும் கைப்பழக்கத்தில் வருவதுதான். கைப்பழக்கத்துக்குள் அடங்காத ஒரு கேள்வியை என் மாமா கொண்டுவந்தார்.

மாமா, அம்மாவின் தம்பி. எண்பதைத் தொடுகிறார். 1968ல் முதல் சம்பளங்களைச் சேர்த்து வாங்கிய சைக்கிளை இன்னமும் ஓட்டுகிறார் — காலையில் மகாமகக் குளத்தைச் சுற்றிக்கொண்டு மார்க்கெட், சாயந்திரம் லைப்ரரி. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அத்தை அந்த சைக்கிளை எப்படியாவது நிறுத்திவிடவேண்டும் என்று சமயம் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவருடைய லைட் ஸ்டாண்டை நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். சட்டத்தின் முன்கழுத்தில் கப்பு தேய்ந்து ஆடியபோது, குளிர்பான டின்னிலிருந்து அலுமினியப் பட்டை வெட்டிச் சுற்றி, பசை வைத்து உட்காரவைத்ததும் நான்தான். அன்றைக்கு ஹேண்டில் மறுபடி லேசாக ஆடுகிறது என்று கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தபோது கப்பு வைத்த இடத்தில் கெட்டியாகவே இருந்தது. போர்க்கின் கழுத்துக் குழாயில், அது தோளோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே, மயிரிழை போல் ஒரு கோடு. துணியால் துடைத்தேன், கோடு போகவில்லை. அழுத்தினால் கோட்டிலிருந்து எண்ணெய் கசிந்தது.

"விரிசல் மாமா. போர்க்கை மாத்தணும்."

"ஏன், நீதான் என்னென்னமோ ஒட்றியே, இதையும் ஒட்டிக் குடுத்துடு."

"இது ஒட்ற எடமில்ல."

"லைட்டு ஸ்டாண்ட ஒட்டுன. இன்னிக்கு வரைக்கும் அசையல."

"லைட்டு விட்டா லைட்டுதான் மாமா கீழ விழும். இது விட்டா நீங்க விழுவீங்க."

சற்றுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்ப பசைமேல நம்பிக்கை இல்லாமத்தான் இத்தன வருஷமா ஒட்டிக்கிட்டிருந்தியா?" என்றார்.

பாயின் சிரிப்புக்கு என்னிடம் பதில் இருந்தது. இதற்கு உடனே சொல்ல முடியவில்லை. புதுப் போர்க்குக்குச் சில நூறு ரூபாய்தான். பணம் அவருக்குப் பிரச்னையில்லை. போர்க்கை மாற்றவேண்டுமென்றால் சைக்கிள் இரண்டு மூன்று நாள் கடையில் கிடக்கும், அத்தை காரணம் கேட்பாள், காரணம் தெரிந்தால் சைக்கிள் திரும்ப வீட்டுக்கு வராது. அந்தக் கோட்டின்மேல் நான் ஒரு பட்டை பசை பூசி, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தால் அன்று சாயந்திரமே லைப்ரரி. அவர் கேட்டது ரிப்பேர் அல்ல, அந்த நடமாட்டம். நான் மறுத்ததும் அதைத்தான் மறுத்ததாக அவருக்குப் பட்டது. "அத்தகிட்ட மட்டும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு, பிரித்த சைக்கிளைத் திண்ணையில் போட்டுவிட்டு நடந்தே போனார். வீடு ஒன்றரை மைல்.

அவர் கேள்விக்கான பதிலை நான் எனக்கே சொல்லிக்கொண்டது இப்படி. பலம் என்பது ஒரு குணம், விறைப்பு என்பது வேறு குணம். ஒரே அளவு இழுவைக்கு எபாக்சி இரும்பைப்போல் சுமார் எழுபது மடங்கு நீளும். எனவே விரிசலுக்குள் பசையை நிரப்பினால், பக்கத்தில் இருக்கும் இரும்பு விசை முழுவதையும் முன்போலவே வாங்கிக்கொண்டிருக்கும். பசை மெத்தையில் சாய்ந்தவன்போல உடன் வரும், சுமக்காது. விரிசலின் நுனி ஒவ்வொரு மேட்டிலும் பள்ளத்திலும் ஓர் அணு அளவாவது முன்னால் நகரும். பசை செய்யும் ஒரே காரியம் அந்த நகர்வைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவது. வெளியே நீளமாக ஓர் உறை போட்டு ஒட்டினால் விசைக்கு வேறு பாதை கிடைக்கும். ஆனால் போர்க்கின் கழுத்தில் பேரிங் உட்காரும் இடத்தில் உறைக்கு இடமில்லை. லைட் ஸ்டாண்டில் பசை சுமையைத் தாங்குகிறது, சுமை சொற்பம். கழுத்துக் கப்பில் பசை இடைவெளியை நிரப்புகிறது, அதைச் சட்டமும் போர்க்கும் சேர்ந்து அழுத்திப் பிடித்திருக்கின்றன. மூன்றாவது இடத்தில் பசை மறைக்க மட்டுமே செய்யும். மூன்றும் ஒரே டியூபிலிருந்து வருவதுதான் தொந்தரவு.

பெரிய இடங்களிலும் இந்த மறைப்பு நடந்திருக்கிறது. 1988 ஏப்ரல் 28ம் தேதி ஹவாய்த் தீவுகளுக்கு மேலே, 24,000 அடி உயரத்தில், அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றின் முன்பக்கக் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. விமானப் பணிப்பெண் ஒருவர் மாண்டார். விமானம் எப்படியோ தரையிறங்கியது. 1969ல் கட்டிய விமானம் அது. அந்தக் காலத்து 737களில் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடங்களை எபாக்சி தோய்ந்த மெல்லிய துணி வைத்து ஒட்டி, மேலே ரிவெட்டும் அடித்திருந்தார்கள். சுமையைப் பசை பரப்பு முழுவதிலும் பகிர்ந்துகொள்ளும் என்பது கணக்கு. ஈரம் சேர்ந்து அரிப்பு ஏற்பட்டு ஒட்டு விட்டுப்போனபோது, சுமை அத்தனையும் ரிவெட்டுத் துளைகளின் விளிம்புக்கு வந்து சேர்ந்தது. அங்கே விரிசல்கள் பிறந்து ஒன்றை ஒன்று தேடிப் போயின. ஒட்டு விட்டுப்போன செய்தி வெளியே தெரியவில்லை.

வெல்டிங்கைப் பார்த்தால் அனுபவஸ்தன் ஓரளவு சொல்லிவிடுவான். ஒட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. நடுவே காற்று புகுந்திருந்தால் நுண்ணொலி அலையை அனுப்பிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் இரு பரப்புகளும் முழுக்கத் தொட்டுக்கொண்டிருக்கின்றன, பிடித்துக்கொள்ளவில்லை — இப்படி ஒரு நிலை உண்டு. கிஸ்ஸிங் பாண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், முத்தமிட்டுக்கொண்டிருக்கும் ஒட்டு. இன்றைக்கும் அதை உடைக்காமல் உறுதியாகக் கண்டுபிடிக்க வழியில்லை. மிஞ்சிய கலவையை ஓர் அட்டையில் தடவி, தேதி எழுதி வைத்துக்கொள்வது என் வழக்கம். மறுநாள் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன்; கீறல் விழாவிட்டால் கலவை சரியாக இறுகியிருக்கிறது. கலவைக்கு அது சாட்சி. ஒட்டுக்குச் சாட்சி, துடைத்த துணியைத் தவிர வேறெதுவுமில்லை. மூடியபிறகு யாராலும் திறந்து பார்க்க முடியாத வேலை இது, செய்தவனுக்கே முடியாது. அந்த ஐம்பது நிமிஷத் தயாரிப்பில் என்ன நடந்தது என்பதை அறிந்தவன் அவன் ஒருவன்தான்.

இதை எழுதும்போது வெண்பா இலக்கணத்தில் வரும் ஒரு சங்கதி ஞாபகத்துக்கு வருகிறது. நேரிசை வெண்பாவில் முதற்குறளின் இறுதிச் சீரும் தனிச்சொல்லும் பொருந்தாமல் விட்டிசைத்தால், நடுவே ஓரசையோ ஈரசையோ சேர்த்து இணைத்துக்கொள்ளலாம். ஆசிடை நேரிசை வெண்பா என்று அதற்குப் பெயர். அந்தச் சேர்ந்த அசை, ஆசு. உலோகத் துண்டுகளைப் பற்றாசு வைத்து இணைப்பதைத்தான் காரிகையின் உரைகாரர் இதற்கு உவமையாகக் காட்டுகிறார். ஆசு என்ற சொல்லுக்கே குற்றம் என்றும் ஓர் அர்த்தம் உண்டு. இணைக்கும் பொருளுக்கும் குறைக்கும் தமிழில் ஒரே சொல் இருப்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. பொருத்தம் தானாக வராத இடத்தில்தான் ஆசு தேவைப்படுகிறது. ஆனால் இலக்கணக்காரன் ஆசை மறைக்கவில்லை. இன்ன இடத்தில் வரலாம், இவ்வளவு வரலாம் என்று அளவு குறித்து, அப்படிப்பட்ட வெண்பாவுக்குத் தனிப் பெயரும் வைத்துவிட்டான். ஒட்டிய இடம் ஒட்டிய இடம் என்று தெரியும்படி நிற்கிறது. நாம் எழுதுவதில், பொருந்தாத இரண்டு எண்ணங்களுக்கு நடுவே 'ஆகவே' என்று ஒரு சொல்லைப் பூசி, மேலே மொழியின் பெயிண்டை அடித்துவிட்டுப் போகிறோமே, அதையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். வாசகன் அதன்மேல் ஏறிப் போகிறவன்.

திண்ணையில் கிடந்த சைக்கிளை நான்காம் நாள் பாய் கடைக்கு நான் தள்ளிக்கொண்டு போனேன். புதுப் போர்க்கு போட்டுக் கொடுத்தார். "பசை என்ன ஆச்சு சார்?" என்று கேட்டார். இந்த இடத்துக்கு நெருப்பும் ஆகாது என்றேன், ஒத்துக்கொண்டார். பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் சூடு பட்ட இரும்பு மறுபடி விரிசல் விடும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சைக்கிளை மாமா வந்து வாங்கிக்கொண்டு போனார், அதிகம் பேசவில்லை. அதன்பிறகு இரண்டு மாசம் எந்த ரிப்பேருக்கும் என்னிடம் வரவில்லை.

பழைய போர்க்கை வைஸில் கட்டி, நீளக் குழாய் ஒன்றைச் செருகி வளைத்தேன். எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக முறிந்தது. முறிந்த முகத்தில் பாதிக்கு மேல் பழுப்பும் கறுப்புமாக, துருவும் எண்ணெயும் ஊறிப்போயிருந்தது. அந்தப் பகுதி எப்போதோ பிரிந்துவிட்டது. மிச்சப் பகுதி மட்டும் புதிதாகக் கிழிந்த இரும்பின் வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது. அவரை மார்க்கெட்டுக்கும் லைப்ரரிக்கும் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தது அந்தச் சாம்பல் நிறப் பகுதிதான். வெளியே தெரிந்தது ஒரு மயிரிழை.

துண்டைக் காகிதத்தில் சுற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை உள்ளே இருந்தாள். மாமா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கட்டைவிரலால் கறுத்த பகுதியைத் தடவினார், பிறகு வெளிறிய பகுதியை. "இவ்வளவுதானா இருந்துது" என்றார், மெல்லிய குரலில். காகிதத்தில் திரும்பச் சுற்றி, புத்தக அலமாரியின் பின்பக்கம் அத்தை கைபடாத இடத்தில் வைத்தார்.

போன வாரம் அவருடைய செயின் கவரின் காது உடைந்துவிட்டது. ஆள் மூலம் அனுப்பியிருந்தார். தேய்த்துத் துடைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். முத்து முத்தாக நின்றது. மறுபடி தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.